சிவப்புத் தொட்டியில் போட்ட விரல்

இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. ஓசூரில் இரும்புத் தகடு வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் நான் சூப்பர்வைசர். ஒருநாள் காலை ஷிப்டில், அங்கே வேலை செய்யும் நாகம்மாவின் ஆள்காட்டி விரலை மெஷின் துண்டாக்கிவிட்டது. அவளை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, கீழே கிடந்த விரலை எடுத்து, ரிஜெக்ட் ஆன பாகங்களைப் போடும் சிவப்புத் தொட்டியில் போட்டேன். பதினைந்து வருடப் பழக்க தோஷம்.

பக்கத்தில் இருந்தது தர்ம ஆஸ்பத்திரிதான். படிக்கிற பிள்ளைகள் கைபழகும் இடமாயிற்றே என்று வழியெல்லாம் அலுத்துக்கொண்டே போனேன். அங்கே பயிற்சி டாக்டர் பெண் கேட்ட முதல் கேள்வி, “வெரல் எங்க சார்?”

“ரிஜெக்ட் பின்ல போட்டுட்டேம்மா.”

“அத ரிஜெக்ட் பண்ண நீங்க யாரு சார்? ஈரத்துணியில சுத்தி, கவர்ல போட்டு, ஐஸ் மேல வெச்சு உடனே எடுத்துட்டு வரச் சொல்லுங்க!”

கம்பெனிக்குப் போன் செய்து, சிவப்புத் தொட்டியில் தேடச் சொன்னேன். விரல் வந்தது. பெரிய டாக்டரும் அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து மாலைவரை ஆபரேஷன் செய்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பலகை இருக்கிறது. ஆரம்பத்தில் இருந்த ஓட்டுக் கட்டடத்தில் பார்த்த முதல் பிரசவம், முதல் கண் ஆபரேஷன் என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். இப்போது அதன் கடைசி வரி, ‘துண்டான விரலைப் பொருத்திய முதல் அறுவை சிகிச்சை’.

தர்ம ஆஸ்பத்திரி என்று இழுத்த நான், இப்போது எல்லோரிடமும் ‘எங்க ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறேன்.

போன மாதம் செக்கப்புக்கு வந்த நாகம்மா அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள்.

“இது நாந்தாண்ணா.”

தொட்டது, நான் தொட்டியில் போட்ட விரலால்.