இரண்டு நிமிட முதலாளி

வசனம் பேசி நடித்த என் நாடக வாழ்க்கை மொத்தம் இரண்டு நிமிடம். அம்மாவுடையது ஐம்பது வருடத்தைத் தாண்டி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. போன மாதம் முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், இனிமேல் மேடையெல்லாம் ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மா சமர்த்தாகத் தலையாட்டினாள். மறுநாள் மேடையைத் தரையில் போடச் சொல்லிவிட்டாள்.

அவள் குடும்பத்தில் யாரும் சும்மா இருந்துவிட முடியாது. அப்பா திரை இழுப்பார். நான், வேறு யாரும் சம்மதிக்காத எல்லாமுமாக இருந்திருக்கிறேன். ஆட்டுக்குட்டி, இடிமுழக்கம், ஒருமுறை கிணறு. கிணறாக நான் நன்றாகவே நடித்தேன் என்று சொல்வார்கள். வாயைத் திறந்து வைத்திருப்பது எனக்குச் சிரமமே இல்லை.

மரக்காணத்தில் அம்மா டீச்சர். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்துப் பெண்களுக்கு. நாடகத்தில் நடிக்க வரும் பெண்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. தை மாதத்தில் உப்புப் பாத்தியின் களிமண் தரை இறுகுவதற்காக அவர்கள் வரிசையாக நின்று மிதிப்பார்கள். அம்மா வரப்பில் நின்று நோட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். அவர்கள் மிதித்தபடியே திருப்பிச் சொல்வார்கள். வசனம் வாயில் ஏறுவதற்கு முன்னால் காலில் ஏறிவிடும். தொல்லை என்னவென்றால், மேடைக்கு வந்தாலும் கால் நிற்காது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்கூடத் தொம் தொம் என்று மிதித்துக்கொண்டேதான் அழுவாள். ஆரோவில் பக்கமிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர், இது ஏதோ பழங்காலத்து ஆட்டமுறை என்று குறிப்பெடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு ஒன்பது வயதான அந்தக் கோடை விடுமுறையில் அம்மா போட்ட நாடகம், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண், முதலாளியிடம் குடிதண்ணீர் கேட்பது. அவ்வளவுதான் கதை. வெயிலில் கண் கூசும் உப்புக்கு நடுவில் ஒரு பானைத் தண்ணீரும் அதற்கு மேல் ஒரு கீற்றுக் கொட்டகையும். அவள் மூன்று முறை கேட்பாள், முதலாளி மூன்று முறையும் முடியாது என்பார், அப்புறம் பெண்கள் எல்லோரும் கூடையையும் உப்பு வாரும் பலகையையும் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கேட்கும் பெண்ணாக என் அத்தை. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் இருந்துகொண்டு நிஜமாகவே உப்பளத்தில் வேலை செய்பவள்.

முதலாளி வேஷத்துக்குத்தான் ஆள் இல்லை. நிஜ முதலாளி முன்வரிசையில் வந்து உட்காருவார் என்று தெரிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவருக்குத் தொண்டை கட்டியது. ஒருவருக்கு மாமியார் இறந்துபோனார். அதே மாமியார் போன வருடமும் இறந்திருந்தார். அம்மா வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை என் மேல் வந்து நின்றது.

"இவளை எந்த உப்பளத்துல இருந்து நிறுத்துவாங்க?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து உப்பளத்து மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். காபி குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டீச்சர், சாமி கதை ஏதாச்சும் போடுங்களேன். ஜனங்களும் பக்தியா பாக்கும்."

"போடலாமே. சாமிகிட்ட ஒரு பொம்பள தண்ணி கேக்குறா. பரவால்லையா?"

"விளையாடாதீங்க டீச்சர். உங்களை வானூர் பக்கம் மாத்திட்டா கஷ்டமில்ல? இந்த அக்காவுக்கும் அடுத்த சீசன்ல வேலை வேணும் இல்ல?"

"வானூர்லயும் புள்ளைங்க இருக்குது. அங்கயும் போடுவேன்" என்றாள் அம்மா. பிறகு அத்தையின் பக்கம் திரும்பி, "அண்ணி, உங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க. உங்க வேலை போயிடும்னு சொல்றாரு" என்றாள்.

அத்தை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வசனம் மனப்பாடம் ஆயிடுச்சு. இனிமே எப்படி மறக்குறது?" என்றாள். மேஸ்திரி இன்னொரு காபிகூடக் கேட்காமல் போய்விட்டார்.

நாடகம் சாயங்காலம் ஐந்து மணிக்கு. விடிவதற்கு முன்னால் வேலைக்குப் போகிறவர்கள் ராத்திரிக் கூத்து பார்க்க முடியாது என்பதால் அம்மாவின் நாடகங்கள் எப்போதும் வெளிச்சத்திலேயே முடிந்துவிடும். மேடை, பள்ளிக்கூடத்து பெஞ்சுகளைச் சேர்த்துக் கட்டியது. போன வருடம் மிதித்த மிதியில் இரண்டு பெஞ்சு உடைந்திருந்ததால் இந்த முறை மேடையில் யாரும் காலை அசைக்கக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருந்தாள்.

எனக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டை, கரி மீசை. வயிற்றில் தலையணை. திரை விலகியது. முன்வரிசையில் நிஜ முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொப்பையே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். தலையணையைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. நான் தலையணையை உள்ளே அமுக்கினேன்.

அத்தை முன்னால் வந்து கையேந்தினாள். "ஒரு பானை தண்ணி வையுங்கன்னுதானே கேக்குறோம்? வெயிலு மண்டையைப் பொளக்குது."

நான் சொல்ல வேண்டியது, "முடியாது. இஷ்டம் இருந்தா வேலை செய், இல்லேன்னா போ." தை மாதத்து ஞாயிறுகளில் அத்தையின் பக்கத்தில் நின்று, எல்லோருடைய வசனத்தோடும் சேர்த்து மிதித்து மிதித்துப் படித்தது. காலை அசைக்காமல் அது மேலே வர மறுத்தது. எதிரில் நிற்பவளோ, தினமும் எனக்குத் தலைவாரிப் பின்னுகிறவள். கண்கலங்கி நிற்கிறாள்.

"சரி அத்தை, வெச்சிக்கோ" என்றேன்.

ஒரு மணி நேர நாடகம் அங்கேயே முடிந்துபோனது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. திரைக்குப் பின்னால் அம்மா என்னைக் கொல்வதற்கு ஏதாவது தேடிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அப்போது பெஞ்சு ஆடியது. அத்தை மிதிக்க ஆரம்பித்திருந்தாள். மிதித்தபடியே என்னை விட்டுவிட்டு முன்வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

"முதலாளியே சரின்னுட்டாரு. ஊரே கேட்டுச்சு. நாளைக்குக் காலையில பானை வந்துடுங்களா?"

நோட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. சிரிப்பு நின்றது. எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள். அவர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "வரும், வரும்" என்று கையை ஆட்டினார்.

வந்துவிட்டது. இரண்டு பானை, மேலே கீற்று. அந்தக் கோடை முழுக்க நான்தான் உப்பளத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தவள் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். அம்மா என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குச் சான்றிதழ் மாதிரி இருந்தது.

மழை முடிந்து தை பிறந்தது. பாத்தி மிதிக்க எல்லோரும் போனார்கள். அத்தை சில நாள் காலையில் கிளம்பிப் போய்விட்டுச் சீக்கிரமே திரும்பி வந்தாள். அப்புறம் போகவில்லை. வீட்டிலேயே இருந்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சூடாகப் பணியாரம் கிடைத்தது. பெரியவர்களுக்கும் லீவு விடுகிறார்களே, எவ்வளவு நல்ல விஷயம் என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் அம்மா அதே நாடகத்தை, ஒரு வரி மாற்றாமல், மறுபடியும் போட்டாள். தண்ணீர் வந்த பிறகும் எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, "இன்னும் பாக்கி இருக்குது" என்றாள். முதலாளி வேஷம் எனக்குத்தான் என்று கரியெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அம்மா அதை அத்தைக்குக் கொடுத்துவிட்டாள். தண்ணீர் கேட்கும் பெண்ணாக வேறு ஒருத்தி. ஊருக்கே தண்ணீர் கொடுத்த என்னைக் கேவலம் திரை இழுக்க அப்பாவோடு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் அத்தையோடு பேசவில்லை. பணியாரம் மட்டும் சாப்பிட்டேன்.

நிஜ முதலாளி அந்த வருடம் வரவில்லை. அத்தை கரி மீசையோடு பெஞ்சின் மேல் அசையாமல் நின்றாள். அந்தப் பெண் கேட்டாள். அத்தை அவளை ஏறெடுத்தும் பார்க்காமல், காதைக் குடைந்துகொண்டே, "முடியாது" என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவர்களில் ஒருத்தி எழுந்து நின்று கை தட்டினாள். ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள்.

நான் தட்டவில்லை. ஒரே ஒரு சொல், இதை நான் சொல்ல மாட்டேனா என்று திரைக் கயிற்றைப் பிடித்தபடி பொருமிக்கொண்டிருந்தேன். அந்தத் தை மாதத்தில் அத்தை ஒவ்வோர் உப்பளமாகப் போய் வேலை கேட்டு நின்று, அந்தச் சொல்லை அதே குரலில் கேட்டுக்கொண்டு திரும்பியவள் என்பது, அங்கே எழுந்து நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.