முகம் பார்க்காதவர்கள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள்தான் ஆண் வேஷமும் போட வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில், நான் ஒன்பதாவது படித்தபோது நடந்த ஆண்டுவிழா நாடகத்தில் ஊர்ப்பெரியவராக நடித்தவள் என் வகுப்புக்காரி. கரியை எண்ணெயில் குழைத்து அவளுக்கு மீசை வரைந்தது நான். ஒரு பக்கம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. திரை விலகும்வரை அதற்காக என்னைத் திட்டித் தீர்த்தாள். எனக்கு வேஷம் கிடையாது. என் குரல் பின்வரிசைக்கு எட்டாது என்று டீச்சர் கழித்துவிட்டார். எனக்கும் அது நல்லதாகப் போயிற்று. அம்மாவை அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

அக்கா போனபின் அம்மா நல்லது கெட்டது எதற்கும் போவதில்லை. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அக்கா வேலை பார்த்தாள். சாயங்காலம் திரும்பும்போது அவள் காதுமடலிலும் மூக்குநுனியிலும் பட்டாசு மருந்தில் சேர்க்கும் வெள்ளிப்பொடி மினுங்கும். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் சோறு போடுவாள். தீபாவளி சீசனில் ஒருநாள் அக்கா இருந்த கொட்டகை வெடித்தது. வீட்டுக்கு வந்தது வெள்ளைத் துணியில் இறுக்கிக் கட்டிய மூட்டைதான். அம்மா முடிச்சில் கை வைத்தாள். சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக்க வேண்டாம் மதினி. இருந்த மொகத்தையே மனசுல வச்சுக்கோங்க."

எங்கள் பக்கம் பிணத்தைத் தூக்கும் முன்பு ஒருவர் உரக்கச் சொல்வார்: "மொகம் பாக்காதவுக வந்து பாத்துக்கோங்க!" அதுவரை பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட அப்போது வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். தீயில் போனவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை.

அம்மா அழவும் இல்லை. "பாக்காம எப்படி நம்பச் சொல்றீக?" என்று துக்கம் கேட்க வந்தவர்களையெல்லாம் கேட்டாள். அன்றிலிருந்து தினமும் கம்பெனி விடுகிற நேரத்துக்கு ரோட்டுமுனையில் போய் நிற்பாள். வேலைமுடிந்து வரும் பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கடைசி ஆளும் தாண்டிப்போனபின் வீட்டுக்குத் திரும்புவாள். எனக்குக் கோபம் கோபமாக வரும். "அக்கா செத்துப்போச்சும்மா" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"நீ பாத்தியா?" என்றாள்.

நாடகத்தில் ஒரு சாவு இருப்பது தெரிந்துதான் அவளை அழைத்துப்போனேன். நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு தடவை அழுதுவிட்டால் போதும், தெளிந்துவிடுவாள் என்று நினைத்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் விழா தொடங்கியது. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை. நாடகத்தை எழுதிய டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். படிக்க ஆசைப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கட்டாயக் கல்யாணம் பேசுகிறார்கள், அவள் கிணற்றில் விழுந்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவளை மேடை நடுவில் கிடத்தி, தலையோடு கால் வெள்ளை வேட்டியால் போர்த்தியிருந்தார்கள். அவள் மூச்சு விடுவது துணியில் தெரிந்தது. சின்னப்பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

அந்த இடத்தில் ஊர்ப்பெரியவர் "எடுத்துச் செல்லுங்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டும். டீச்சர் எழுதிக்கொடுத்தது அதுதான். ஆனால் மீசைக்காரிக்கு வசனம் மறந்துவிட்டது. தடுமாறி நின்றவள், சாவு வீட்டில் கேட்டுப் பழகியதைச் சட்டென்று சொல்லிவிட்டாள்.

"மொகம் பாக்காதவுக வந்து பாத்துக்கோங்க!"

அம்மா எழுந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் நேராக நடந்து, பெஞ்சில் கால் வைத்து மேடையேறினாள். மீசைக்காரி துக்க வீட்டில் வழிவிடுவது போல ஒதுங்கி நின்றாள். திரைக்குப் பக்கத்தில் நின்ற டீச்சருக்கு எதுவும் புரியவில்லை. அம்மா மண்டியிட்டுத் துணியை விலக்கினாள்.

ரோஸ் பவுடர் அப்பிய முகம். கண்களை இறுக்க மூடியிருந்தாள் அந்தப் பிள்ளை. துணிக்குள் கிடந்ததில் மூக்குநுனியில் வேர்த்திருந்தது. அம்மா முந்தானையை எடுத்து அந்த மூக்கைத் துடைத்தாள். அப்புறம், "எஞ் சாமி, பாத்துட்டேண்டி" என்று பெஞ்சுப் பலகையில் அறைந்துகொண்டு அழுதாள். அத்தனை மாதமும் அடைத்துவைத்திருந்த அழுகை. கூட்டத்தில் இருந்த பெண்களில் பாதிப்பேர் பிள்ளைகளுக்காக அரைநாள் லீவு போட்டு வந்த கம்பெனி வேலைக்காரிகள். யாரும் அம்மாவைக் கீழே இறங்கச் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பிணமாகக் கிடந்தவளின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அவள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. நாடகம் அங்கேயே நின்றுபோனது.

நான் மட்டும் என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நினைத்தது நடந்துவிட்டது, அம்மா அழுதுவிட்டாள். ஆனாலும் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்று அப்போது தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். "அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். ரோட்டுமுனைக்கு வந்தபோது கம்பெனி விட்டிருந்தது. கையிலும் முகத்திலும் வெள்ளிப்பொடியோடு பெண்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அம்மா நிற்கவில்லை. ஒரு முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், உலை வைக்க நேரமாகிவிட்டது என்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அம்மா தேடிக்கொண்டிருந்த வரைக்கும் அக்கா எங்கேயோ இருந்தாள். அது எனக்கு அங்கேதான் புரிந்தது. அம்மாவின் கையை விட்டுவிட்டு அந்த முனையில் நின்றேன். கடைசிப் பெண் தாண்டிப்போகும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.