வாலில் கட்டிய தேசிக்காய்

நாரந்தனை வசீகரனுக்குத் தொழில், வீடுகளுக்குத் தண்ணீர் மோட்டர் பூட்டுவது. உயிர், ரிமோட்டில் பறக்கும் ஒரு குட்டி ஜெட். அதை யாராவது "விளையாட்டுச் சாமான்" என்று சொன்னால் அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். அவனுடைய அக்கா பவதாரணிக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

வராமல் என்ன செய்யும்? தன் தையல் மெசினுக்குப் பக்கத்து மேசையில் அவன் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் அவள். ஜெட்டோடு வந்த காற்றாடி கத்தியதே தவிர இழுக்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு, இதழ் கூடிய காற்றாடியும் பலமான மோட்டரும் பூட்டினான். பின்பக்கம் பாரம் ஏறிவிட்டது. பெரிய பற்றறி ஒன்றை மூக்குப் பக்கம் தள்ளித் தள்ளி வைத்து, இறக்கைகளின் அடியில் பென்சிலால் போட்ட இரண்டு புள்ளிகளில் விரல் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பான். மூக்கு ஒரு சொட்டுத் தாழ்ந்து நிற்கவேண்டும். வால் தாழ்ந்தால் ஏறும்போதே மல்லாந்து விழும். வாலிலுள்ள மடல்கள் எவ்வளவு அசைகின்றன என்பதை அவளுடைய அளவு நாடாவால்தான் அளந்தான். ஒரு நூல் பிசகில்லை. தான் தைக்கும் சட்டைக் கைகூட அப்படி அமையாது என்று அவளே சொன்னாள்.

சாட்டிக் கடற்கரையில் விளையாட்டுக் கழகத்தின் ஒன்றுகூடலில் முதல் பறப்பு. புது மோட்டார்சைக்கிளுக்குச் செய்வதுபோல ஜெட்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தே ஆகவேண்டும் என்று கழகத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றார். வைத்தார்கள். வசீகரன் போய்ச் சனத்தைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து ஜெட்டை ஓடவிட்டான். அது ஈர மணலில் ஓடி எழும்பியது. எழும்பியதும் மூக்கை வானத்துக்கு நிமிர்த்தி, ஒரு கணம் நின்று, மல்லாந்து, தாழம்பற்றைக்குள் போய் விழுந்தது.

"தண்ணி மோட்டர் பூட்டுறவனுக்கு ஏனடாப்பா பிளேன்? கிணத்துக்கை விட்டுப் பார், ஓடும்!" என்று ஒருவன் கத்த, சனம் சிரித்தது.

ஆழ்வாப்பிள்ளை சிரிக்கவில்லை. "தம்பி, ஆரின்ரையும் தலையிலை விழுந்திருந்தால் ஆர் பதில் சொல்லுறது? இனிமேல் உந்தப் பிளேனைச் சாட்டிக்குக் கொண்டு வரப்படாது."

"எங்கையோ நான்தான் பிழை விட்டிட்டன் அக்கா" என்றான் வசீகரன், தலையைக் குனிந்துகொண்டு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவனா? பிழையா? பற்றைக்குள் அவளே இறங்கினாள். ஜெட்டின் மூக்கு பிளந்து கிடந்தது. தூக்கித் திருப்பினால், வாலின் அடியில் கறுப்பு நூலில் ஒரு முழு எலுமிச்சை, கொழுத்த தேசிக்காய்!

"ஆர் இதைக் கட்டினது?"

"நான்தான் பிள்ளை." ஆழ்வாப்பிள்ளை கூச்சமில்லாமல் முன்னுக்கு வந்தார். "தம்பி சனத்தை விலத்தப் போன நேரம் கட்டினனான். இவ்வளவு கண் பாக்குதெல்லோ, நாவூறு படாதே?"

"அந்தப் பாரத்துக்குத்தான் அண்ணை வால் தாழ்ந்து விழுந்தது! அவன் ஒவ்வொரு நூலாய்ப் பாத்துச் சரிபண்ணி வைச்சதிலை காயைக் கட்டித் தொங்கவிட்டிட்டு, அவனுக்கே தடையும் போடுறியளோ?"

"விசர்க்கதை கதைக்காதையும். தேசிக்காய் இருந்தபடியால்தான் சனத்துக்கை விழாமல் பற்றைக்கை விழுந்தது."

சனம் "ஓம் ஓம்" என்று தலையாட்டியது. இந்த அநியாயத்துக்கும் ஓமா! பவதாரணிக்குக் காது சுட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தேசிக்காயை அவர் முன்னே நீட்டினாள்.

"சரி அண்ணை. இது காக்கும் எண்டால் தடை என்னத்துக்கு? அவன் திருத்திக்கொண்டு வருவான். நீங்கள் ஒண்டைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. உங்கடை கையிலை இருந்தால் காக்காதோ?"

ஆழ்வாப்பிள்ளை சனத்தைப் பார்த்தார். காக்காது என்று சொல்லவா முடியும்? "சரி, கொண்டு வரட்டும்" என்றார்.

மூக்கை ஒட்டி, மறுபடியும் புள்ளிகளில் விரல் கொடுத்துப் பார்த்து, அடுத்த மாதம் அதே மணலில் வசீகரன் ஜெட்டை வைத்தான். பவதாரணி வாலடியில் காவல் நின்றாள். சந்தனக் கிண்ணத்தோடு வந்த கழகத்துக்காரர் ஒருவரை ஒரு பார்வையிலேயே திருப்பி அனுப்பினாள். ஜெட் ஓடி, எழும்பி, கடலுக்கு மேலே சாய்ந்து திரும்பி, எல்லாருடைய தலைக்கும் மேலாகச் சீறிக்கொண்டு போனது. கிணற்றுக்கதை சொன்னவனும் சேர்ந்து கைதட்டினான்.

"பாத்தீரே பிள்ளை?" ஆழ்வாப்பிள்ளை கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் புதுத் தேசிக்காய் ஒன்று வியர்வையில் நனைந்து இருந்தது. "கையிலை வைச்சிருக்கேக்கை இன்னும் நல்லாய் வேலை செய்யுது."

பவதாரணி வாயெடுத்தாள். தம்பி ஜெட்டை இறக்கத் திருப்புவதைக் கண்டு அடக்கிக்கொண்டாள்.

"இறங்கட்டும்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பிறகு இருக்கு உங்களுக்கு."