என் மகள் டீச்சரிடம்தான் அழுகிறாளாம்

பத்தாவது படிக்கும் என் மகள் கயல் கொஞ்ச நாளாக வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா."

இன்று கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் திரும்பும்போது இடஒதுக்கீட்டு மறியலில் பேருந்து நின்றுவிட்டது. பக்கத்து இருக்கையில் கயலின் வகுப்பு டீச்சர்.

"கயல் இப்போ பரவால்லிங்களா? இந்தப் போராட்டம் வந்ததுலேர்ந்து அவ கூட்டாளி பேசறதில்லன்னு என்கிட்ட அழுதுகினே இருந்தா. வூட்ல சொல்லியிருப்பாளே?"

"சொன்னா டீச்சர்" என்று பொய் சொன்னேன். "நீங்க இன்னா சொன்னீங்க அவளுக்கு?"

"நான் ஒண்ணும் சொல்லலிங்க. மதியத்துல கூட உக்காந்துகினு கேட்டேன். நேத்து அந்தப் பொண்ணே வந்து பேசிடுச்சு."

பிரச்சினை தீர்ந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. பெற்றவள் நான் இருக்கும்போது, அழுவதற்கு இவர்தான் கிடைத்தாரா? போதாததற்கு என்னைவிட வயதிலும் சின்னவர்.

நான் வீட்டுக்கு வந்தபோது கயல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்டேவிட்டேன்.

"டீச்சர்கிட்ட சொல்ற, எங்கிட்ட சொல்ல மாட்டியா?"

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"உங்கிட்ட சொன்னா அவங்க வூட்டுக்கே போய் சண்ட போடுவம்மா. டீச்சர்னா கேட்டுகினு மட்டும் இருப்பாங்க."

பேருந்தை விட்டு இறங்கும்போதே அந்தத் தோழியின் வீடு எந்தத் தெரு என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பிள்ளைகள் மனசு விட்டு யாரிடம் பேசுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "என்னிடம்தான்" என்பவர்கள் மட்டும் இன்றைக்குத் தயவுசெய்து பேசாமல் இருங்கள்.