நாற்பத்திரண்டு கிலோவுக்கு வைத்த வண்டி

காலை ஏழு மணி இருக்கும். ஜெயமதி அழைத்தாள். “அண்ணா, அவரு பாத்ரூம்ல வுழுந்துட்டாரு. சத்தம் கேட்டுச்சு, அப்புறம் ஒண்ணுமே கேக்கல. என்னால எழுந்துக்க முடியல. ஓடியாங்கண்ணா.” பிள்ளையார்பாளையத்திலிருந்து செவிலிமேட்டுக்கு ஸ்கூட்டரில் எவ்வளவு விரட்டியும் இருபது நிமிடம் ஆகிவிட்டது. வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர்களோடு சேர்ந்து உடைத்துக்கொண்டு போனபோது என் நண்பர் தரணேந்திரன் போய்விட்டிருந்தார். கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பத்தடி தூரம். அந்தப் பத்தடியை அவர் மனைவியால் கடக்க முடியவில்லை.

இரங்கல் கூட்டத்துக்கு வந்த நீங்கள் எல்லோரும் அவருடைய கைத்திறனைப் பற்றிப் பேசினீர்கள். நானும் தலையை ஆட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று சொல்லாமல் விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். படித்த பிறகு என்னோடு பேச வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் அதுவும் நியாயம்தான்.

வந்தவாசி சாலையில் இருந்த அவர் பட்டறை உங்களுக்குத் தெரியும். காரின் மற்ற எந்தக் கோளாறுக்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். குலுக்கல், சாய்வு, தூக்கிப்போடுவது என்றால் தரணியிடம்தான் வர வேண்டும். ஒருமுறை பட்டு வியாபாரி ஒருவர் தன் அம்பாசிடர் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று வந்தார். “வண்டிய அப்புறம் பாக்கலாம், மொதல்ல வூட்ல இருக்கறவங்கள இட்டாங்க” என்றார் தரணி. மறுநாள் மாமியார் உட்பட ஐந்து பேரும் வந்து, வழக்கமாக உட்காரும் இடங்களில் கல்யாணப் போட்டோவுக்கு உட்கார்ந்ததுபோல் விறைப்பாக உட்கார்ந்தார்கள். தரணி உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, அதற்கேற்ப அடியில் வேலை பார்த்தார். “காலியா நிக்கச்சொல்ல எல்லா வண்டியும் அழகாத்தான் இருக்கும்பா. காலி வண்டியில யாரு போறாங்க?” என்பார். எந்த வண்டி வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: “யாரு உக்காருவாங்க?”

மாடிப்படியில் விழுந்து ஜெயமதிக்கு முதுகெலும்பு நொறுங்கியது சில ஆண்டுகளுக்கு முன். வாரத்துக்கு இரண்டு நாள் சென்னைப் பக்கம் உள்ள ஒரு மருத்துவமனையில் பயிற்சி எடுத்தால் நடக்கலாம் என்றார்கள். ஆனால் அங்கே போய் வரும் வலியிலேயே உயிர் போனது. தரணி தன் பழைய அம்பாசிடரின் அடியில் பத்து நாள் படுத்துக் கிடந்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றை உருவினார். ஷாக் அப்சார்பரின் எண்ணெயை மாற்றி இளக்கினார். முன்பக்கம் சக்கரத்தைத் தாங்கும் நீளமான முறுக்குக் கம்பியின் முனையை ஒரு துளை தள்ளி மாட்டி உயரத்தைச் சரிசெய்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவளை உட்காரவைத்து, தெருமுனை வரை ஓட்டி, முகத்தைப் பார்ப்பார். முகம் சுருங்கினால் மறுபடியும் அடியில் போவார். கடைசியில் அந்த வண்டி நாற்பத்திரண்டு கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கென்றே ஓடியது. நான் ஏறினால் பின்பக்கம் தரையைத் தட்டும். “நீ நடந்து வாப்பா” என்று சிரிப்பார். அவள் கோலை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

அந்த வண்டியை விற்கச் சொன்னது நான். புகை அதிகம், ஜெயமதி இருமுகிறாள், மின்சாரக் கார் வாங்கினால் சத்தமில்லை, அதிர்வில்லை என்று மாதக்கணக்கில் ஓதினேன். பள்ளியில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவரும் நம்பிவிட்டார்.

ஷோரூமிலிருந்து நாங்கள் இருவரும் கடைப் பையன்கள் இருவருமாகப் புறவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். எண்ணெய்மேல் போவதுபோல் போனது. திரும்பி வந்தபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. தரணி மாகறல்காரர், நயினார் என்று சொல்லும் தமிழ்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும், ஒருநாளும் தவறியதில்லை. வீட்டுக்குப் போய் ஜெயமதியை அழைத்துவர நேரமில்லை. “நாளைக்கி அத இட்டாந்து ஒருவாட்டி உக்கார வெச்சிப் பாத்துடறேன்பா” என்றார். நான்தான் குறுக்கே விழுந்தேன். “நாலு பேரு உக்காந்து பாத்தாச்சு. இன்னும் என்னய்யா பாக்கறது? நாளைக்கி வந்தா இந்த வண்டி வேற ஆளுக்குப் போய்டும்.” அவர் வெளியே வெயில் இறங்குவதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

நாலு தடியர்களின் கனத்தில் அமுங்கிக் கொடுக்கும் ஸ்பிரிங், நாற்பத்திரண்டு கிலோவுக்குக் கல்லாக நிற்கும். மின்சாரக் காரின் தரை முழுக்கப் பேட்டரி. அந்தப் பாரத்தைச் சுமக்கவே ஸ்பிரிங்கைக் கடினமாக வைக்கிறார்கள். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் புரிந்துகொள்வார்கள். எனக்கு அன்று உறைக்கவில்லை.

முதல் பயணத்தில் ஜெயமதி பாதி வழியிலேயே அலறிவிட்டாள். தரணி சர்வீஸ் சென்டருக்கு ஓடினார். “இதுல உயரம், இளக்கம் எல்லாம் எங்க மாத்தறது தம்பி?” என்று கேட்டார். “அந்த மாதிரி செட்டிங் இதுல இல்ல சார். ஏர் சஸ்பென்ஷன் வேணும்னா பெரிய மாடல்தான், அதுல ஸ்கிரீன்லயே மாத்திக்கலாம். இதுல ஸ்பிரிங்க மாத்தினா வாரண்டி போய்டும்” என்றான் அந்தப் பையன். அவன்மேல் தப்பில்லை, உள்ளதைச் சொன்னான். தரணி வாரண்டியைப் பொருட்படுத்தாமல் வேறு இளகிய ஸ்பிரிங்கைப் போட்டுப் பார்த்தார். முதல் வேகத்தடையிலேயே பேட்டரிப் பெட்டியின் அடி உரசியது. பயந்துபோய்க் கழற்றிவிட்டார். டயரில் காற்றைக் குறைத்தார், மெத்தை தைத்துப் போட்டார். அம்பாசிடரைத் திரும்ப வாங்கலாம் என்று தேடிப் போனோம். அதைப் பழைய இரும்புக்கு உடைத்திருந்தார்கள். வாடகைக் கார்களையும் பார்த்தோம். தன் வண்டியின் அடியில் அடுத்தவரைக் கைவைக்க எவன் விடுவான்? பயிற்சி நின்றது. மூன்று மாதத்தில் அவள் கோலும் மூலைக்குப் போய், படுக்கையோடு படுக்கையானாள்.

அந்த நாட்களில் ஒரு மாலை நான் அங்கே இருந்தபோது ஜெயமதி கேட்டாள்: “ஊருக்கெல்லாம் யாரு உக்காருவாங்கன்னு கேட்டீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா உங்களுக்கு?”

நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தரணி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “மறந்துட்டன்மா” என்றார்.

நான் காபியைக் குடித்து முடித்தேன். வாசலுக்கு வந்ததும், “ஏன்யா அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன். “வுடுப்பா. முப்பது வருசமா உன்ன அண்ணான்னு கூப்டுது. அதுவாவது இருக்கட்டும்” என்றார். அன்றிலிருந்து ஜெயமதி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு ஊட்டினார், துணி மாற்றினார், புரட்டிப் படுக்கவைத்தார். அவள் சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். நான் வாரம் தவறாமல் பழம் வாங்கிக்கொண்டு போனேன். “வாங்கண்ணா” என்பாள். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று எட்டு மாதம் பழத்தோடு போய் வந்த கோழை நான்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் நேற்று அவளிடம் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“அவரு வுழுந்தப்புறம்தான் என்னங்கன்னு கூப்ட்டேன்” என்றாள். “எட்டு மாசத்துல அதான் மொத தடவ. நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா, அவரு காதுல வுழற மாதிரி கூப்ட்டிருப்பேன்.”

அண்ணா என்ற சொல் அதில் இல்லை. தரணி எனக்காக ஒரு பொய் சொன்னார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்தபோது அந்தப் பாரத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள, வாசலிலிருந்து அவள் கட்டில் வரை இருபது அடி திரும்பி நடந்து உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். என் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை.