கத்திரி, காரட், குடமிளகாய்

போன செவ்வாய்க்கிழமை எர்ணாகுளத்தில் ஒரு பரீட்சையில் கையும் களவுமாகப் பிடிபட்டேன். அறுபத்து மூன்று வயதில்!

எல்லாம் ஒரு பானத்தால் வந்த வினை. கீட்டோன் பானம். சர்க்கரை கிடைக்காதபோது உடம்பு கொழுப்பை எரித்து ஒரு எரிபொருள் தயாரித்துக்கொள்ளுமாம். மூளையும் அதில் ஓடுமாம். அதையே பாட்டிலில் அடைத்துத் தினமும் குடித்தால் உடம்பும் மூளையும் தேறுமா என்று ஒரு ஆஸ்பத்திரியில் பரிசோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு நிஜ பானம், மீதிப் பேருக்கு அதே கசப்பில் டம்மி. யாருக்கு எது என்பது கொடுப்பவர்களுக்கே தெரியாது.

மட்டாஞ்சேரியிலிருந்து படகேறிப் போய் நானாகப் பெயர் கொடுத்தேன். ஏன்? பயம்தான். என் அண்ணா கணக்கு வாத்தியார். கடைசிக் காலத்தில் என்னைப் பார்த்து, "சாருக்கு எந்த ஊர்?" என்று மரியாதையாக விசாரிப்பார். அதிலிருந்து, சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்தால்கூட எனக்கு அண்ணா ஞாபகம் வந்துவிடும்.

முதல் நாள் ரத்தம் எடுத்தார்கள், நடக்கவிட்டார்கள். பிறகு அனு என்ற ஆராய்ச்சி மாணவி எதிரில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷத்தில் எத்தனை காய்கறிப் பெயர் சொல்ல முடியுமோ சொல்லச் சொன்னாள். தமிழிலேயே சொல்லலாமாம். உருளைக்கிழங்கு வந்தது. சேனை வந்தது. அப்புறம்... தக்காளி காயா, பழமா என்று யோசித்ததிலேயே பாதி நிமிஷம் போய்விட்டது.

அன்று போன நிம்மதிதான்.

தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் பானம். பெயின்ட் வாடையில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி ஒரு ருசி. குடித்ததும் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். மூளை பளிச்சென்று இருக்கிறதோ? நேற்றைவிடக் கொஞ்சம்? எனக்குக் கிடைத்தது நிஜமா, டம்மியா? என் மனைவி ராஜி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "என்னத்துக்காக்கும் இந்தப் பதட்டம், வெப்ராளம்? குடிச்சாச்சுன்னா ஒரு இடத்துல உக்காருங்கோ" என்றாள்.

எப்படி உட்காருவது? அடுத்த பரீட்சை வருகிறதே!

பழைய கேள்வித்தாளை வைத்துக்கொண்டே டிகிரி வாங்கிய தலைமுறை நாம். அந்தப் புத்தி எங்கே போகும்? காய்கறிக் கடை முன்னால் போய் நின்றேன். கடைக்காரர் தேனிக்காரர். என்ன வேணும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், சும்மா பார்க்கிறேன் என்றேன். அதற்கப்புறம் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தார். பெயர்களையெல்லாம் சேர்த்து, மறக்காமல் இருக்க அகர வரிசையில் அடுக்கி உருப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அதே கேள்வி. விடுவேனா?

அவரை, இஞ்சி, உருளை, கத்திரி, காரட், குடமிளகாய், கொத்தவரை, கோவைக்காய்... மூச்சு விடாமல் கொட்டினேன். நிமிஷம் முடிந்ததும் அனு தான் எழுதியதை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். மலையாள எழுத்துக்கும் ஏறக்குறைய அதே அகர வரிசைதான் என்பதை நான் யோசிக்கவே இல்லை!

"சார், இது படிச்சிட்டு வந்நதாணோ?"

படித்துவிட்டு வந்ததை ஒப்புக்கொண்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மார்க் ஏறியது பானத்தாலா, படிப்பாலா என்று இனி எப்படிக் கண்டுபிடிப்பது, இன்றைய மார்க்கைக் கணக்கில் சேர்க்க முடியாதே என்றாள். எனக்கு மார்க்கா முக்கியம்?

"அதை விடும்மா... என் மூளை நன்னாத்தானே இருக்கு?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். தனி ஒருவருக்கு அந்தப் பதிலை இந்த ஆராய்ச்சி சொல்லாது, கவலையாக இருந்தால் நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் நியாயத்தால் யாருக்கு நிம்மதி வந்திருக்கிறது?

திரும்பும் படகில் உட்கார முடியவில்லை. ஜன்னல் பக்கம் போனேன், வந்தேன், மறுபடி போனேன். கூட வந்திருந்த ராஜியிடம் நடந்ததைச் சொன்னேன். இந்த வயதில் தில்லுமுல்லா என்று திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"உங்க அண்ணா மன்னி பேரையும்தான் மறந்தார். ஆனா மன்னி சாதம் போட்டா மட்டும்தான் சாப்பிட்டார். கேட்டேளா?"

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தேனே தவிர... அடுத்த தடவை காய்கறிக்குப் பதிலாகப் பறவைகளைக் கேட்பார்களோ?