பாத்திரம் வைக்காத குக்கர்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒரு தொழிற்சாலையில் எனக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை. ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதீர்கள், வேலை நேரத்தில் போன் பேசாதீர்கள் என்று ஊழியர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நர்ஸாக இருக்கும் என் மனைவிக்குக் காலை ஷிஃப்ட். இரண்டு மணிக்குப் பசியோடு வருவாள். அதற்குள் சமைத்து வைத்து அசத்திவிடலாம் என்று இறங்கினேன். ரசம் எப்படியோ ரசம் போலவே வந்துவிட்டது. சாதத்துக்கு எலக்ட்ரிக் குக்கர் இருந்தது. அரிசி களைந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து போன். அதைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு குக்கர் மூடியைத் திறந்தேன், அரிசியைக் கொட்டினேன், மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றினேன், மூடிவிட்டு சுவிட்சைத் தட்டினேன்.

டப்பென்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. கீழ்வீட்டில் உறுமிக்கொண்டிருந்த வாஷிங் மெஷினும் நின்றது. மின்கசிவு வந்தால் தானாக அணைந்துவிடும் டிரிப்பர் சுவிட்ச் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான்.

குக்கரின் அடியிலிருந்து மேடையெல்லாம் தண்ணீர் ஓடியது. தூக்கிவிடலாமென்று கை நீட்டியவன், நல்லவேளை, பாதியிலேயே இழுத்துக்கொண்டேன். போய் மெயினை அணைத்தேன். கையைத் துடைத்து, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பிளக்கைப் பிடுங்கினேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். பிறகு குக்கரை சிங்க்கில் கவிழ்த்தேன். அரிசி கொட்டியது. கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது.

கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா மேலே வந்தார். கன்னடக்காரர். தமிழும் பேசுவார், இரண்டையும் கலந்து.

"சார், ஏனாச்சு? கரெண்ட் ஹோய்த்து!"

"தெரியலைங்க மேடம். லைன்ல ஏதோ பிராப்ளம் போல."

சரியாக அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அவர் அந்த ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் தோளைத் தாண்டி சிங்க்கைப் பார்த்தார்.

"குக்கர் யாக்கே சார் தலைகீழா இருக்கு? உள்ள வெக்கிற பாத்திரை எல்லி?"

அப்போதுதான் நானே அதைத் தேடினேன். மேடை ஓரத்தில் இருந்தது. காலையில் என் மனைவி அதில் மொச்சை ஊறப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். இடம் அடைக்கிறதென்று அதை ஓரமாக நகர்த்தியவனும் நான்தான்.

"அய்யோ தேவரே!" என்று அவர் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கீழே போய் ஒரு கிண்ணம் நிறைய சாதம் கொண்டுவந்து கொடுத்தார்.

என் மனைவி வரும்போது எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தாள். கேட்டிலேயே வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார்.

"மொச்சையாவது உயிரோட இருக்கா?" என்றாள். அடுத்து என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஷாக் எதுவும் அடிக்கலையே?" இல்லை என்றதும்தான் அவளும் சிரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் குக்கரைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகரில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடைக்கார பாய் அடித்தகட்டைக் கழற்றினார். ஊறி உப்பிய அரிசி மேஜை மேல் பொலபொலவென்று கொட்டியது.

"சாப், இது ரிப்பேர் கடை. மாவு மில்லு பக்கத்துத் தெருவுல."

நான் கடை போர்டைப் படிப்பதுபோல் நின்றேன்.

"சாருக்கு என்ன வேலை?"

"கம்பெனியில..."

"சேஃப்டி ஆபீசர்," என்றாள் என் மனைவி.

பாய் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். "மாஷா அல்லா," என்றார்.

வயரை மாற்றி, உட்புறத்தைக் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு ஒரு வகுப்பும் எடுத்தார். "முதல்ல பாத்திரம் சாப், அப்புறம்தான் அரிசி. பாத்திரத்தோட அடியைத் துணியால நல்லாத் தொடைச்சு வைக்கணும், ஈரம் இருந்தா சூடாகுற பிளேட் போயிடும். எக்ஸ்டென்ஷன்ல போடாதீங்க, நேரா சுவத்துல இருக்கிற மூணு பின் சாக்கெட்டுல போடுங்க. ஆவி வர்ற ஓட்டைமேல துணி மூடக்கூடாது. அப்புறம் இந்த அடிப்பாகத்தைக் குழாயில காட்டிக் கழுவிடாதீங்க, நீங்க கழுவுவீங்க."

"நோட் பண்ணிக்கோங்க," என்றாள் இவள்.

வீட்டுக்கு வந்ததும் அதில் சாதம் வைத்தேன். பாத்திரத்தைத் துடைத்து உள்ளே வைத்து, சரியாக உட்கார்ந்ததா என்று இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். என் மனைவி நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஆவி வருகிறதா என்று நான் குனிந்தபோது மட்டும் எழுந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். என் மூக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து எனக்கு எதுவும் தெரியவில்லை.

தண்ணீர் அதிகமாகிவிட்டதால் சாதம் குழைந்திருந்தது. தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டோம்.